கடல் கடந்து வரும் காய்ச்சல்

(அனைத்து நிலை ஆசிரியர்களுக்கான மாவட்டப் பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் முதுகலை விலங்கியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயிற்சியின் கடைசி நாளில், தேநீருக்குப் பிறகு பேச வருபவரின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. எட்டாவது பாடவேளைக்கு வகுப்புக்குள் நுழைவதைப் போன்றது. ஊருக்குப் போகும் பேருந்தை நீங்கள் தவறவிடாதபடி முடித்துவிடுகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘வெளிநாட்டுப் பயணமும் மலேரியாவும்’. நமக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். தங்கள் வகுப்பில் அப்பாவோ அண்ணனோ வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள். பாருங்கள், கையை உயர்த்தாதவர்களைத்தான் எண்ணிவிடலாம். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்றுதான் பெரும்பாலும் சொல்வீர்கள். ஆனால் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் போர்வெல் வண்டிகள் இன்று ஆப்பிரிக்க நாடுகளில் துளை போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டிகளோடு நம் பிள்ளைகளின் அப்பாக்களும் போகிறார்கள். கட்டுமானம், மின்திட்டம், கடை, கணக்கு வேலை என்றும் போகிறார்கள். நம்மைப் போன்ற ஆசிரியர்களும் போகிறார்கள். அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன்.

அரசுப் பணிக்கு வருவதற்கு முன், 2009 தொடக்கத்தில், தான்சானியா நாட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். விக்டோரியா ஏரியின் தென்கரையில் முவான்சா என்றொரு ஊர். ஏரிக்குள்ளும் ஊருக்குள்ளும் பெரும் பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தாற்போல் நிற்கும். அழகான ஊர். மலேரியாவும் நிறைந்த வட்டாரம்.

போவதற்கு முன் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். மலேரியாவுக்கு முன்தடுப்பாக மெஃப்ளோகுயின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒன்று. புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்கி, அங்கே இருக்கும் வரை போட்டு, திரும்பிய பிறகும் நான்கு வாரம் போட வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டேன். அந்த மாத்திரை சிலருக்கு விசித்திரமான கனவுகளைக் கொண்டுவரும். எனக்கும் வந்தன. பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டு தொலைந்துபோவது போல அடிக்கடி கனவு கண்டேன். அதற்கு மாத்திரையைக் குறை சொல்வதா, நம் தொழிலைக் குறை சொல்வதா என்று தெரியவில்லை.

நான்காம் மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மருத்துவரைக் கேட்கவில்லை. உடன் வேலை பார்த்தவர்களைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். அந்தப் பள்ளியில் விடுப்புக் கடிதங்களில் ‘மலேரியா’ என்று எழுதுவது, நம் பிள்ளைகள் ‘தலைவலி’ என்று எழுதுவதைப் போல. எங்கள் கணித ஆசிரியர் திங்கட்கிழமை மலேரியா என்று போவார், வியாழக்கிழமை சாக்பீஸோடு வந்து நிற்பார். ‘இது எங்கள் ஊர்ச் சளி’ என்பார். அவரே ஒன்றும் ஆகாமல் நடமாடுகிறார், நான் மட்டும் ஏன் கனவு கண்டுகொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

இங்கேதான் என் முதல் தவறு. அந்தக் கணித ஆசிரியர் பிறந்ததிலிருந்து எத்தனையோ முறை அந்த ஒட்டுண்ணியோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர். திரும்பத் திரும்பத் தொற்று வந்து பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. நோய் வராமல் அது தடுக்காது, ஆனால் உயிரைக் குடிக்காமல் பெரும்பாலும் காக்கும். அந்த ஆற்றல் உருவாவதற்கு முன்பே அங்கே ஏராளமான குழந்தைகள் இறந்துபோகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆப்பிரிக்காவில். அந்த ஆப்பிரிக்க மரணங்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அந்த ஆசிரியர் இலேசாகச் சொன்ன ‘ஊர்ச் சளி’க்குப் பின்னால் இவ்வளவு பெரிய விலை இருக்கிறது. நான் அந்த விலையைக் கொடுத்தவனல்ல. என் உடம்புக்கு அது முற்றிலும் புதிய ஒட்டுண்ணி.

‘நம் ஊரிலும் மலேரியா உண்டே, சென்னையில் வந்து போனதுண்டே, நமக்குப் பழகியிருக்காதா’ என்று ஒரு கேள்வி வரும். பழகாது. சென்னையில் நாம் அதிகம் கண்டது பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம். அது ஆளைக் கொல்லும் வகை. இன்னொன்று, அங்கேயே பல ஆண்டுகள் இருந்து ஓரளவு ஆற்றல் பெற்றவர்கள்கூட ஊருக்கு வந்து நெடுநாள் தங்கிவிட்டால் அந்த ஆற்றல் மங்கிவிடுகிறது. மீண்டும் போகும்போது புதியவராகவே போகிறார்கள். ‘எனக்கு ஆப்பிரிக்கா பழக்கம்’ என்று சொல்லும் அப்பாக்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மாத்திரையை விட்டாலும் கொசுவலையை விடவில்லை. அங்கே அதற்குச் சந்தருவா என்று பெயர். பூச்சிக்கொல்லி ஏற்றிய வலை. ஆண்டு இறுதி விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, மூன்று நாளைக்கு முன்பே சாமான்களைக் கட்டினேன். வலையைத் துவைத்து, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று இரவுதானே என்று எண்ணினேன். இரண்டாவது தவறு அது.

டிசம்பர் நடுவில் ஊர் வந்து சேர்ந்தேன். நன்றாகத்தான் இருந்தேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல். அம்மா உடனே மார்கழிப் பனியின்மேல் பழியைப் போட்டார்கள். விடியற்காலையில் வாசலில் நின்று கோலத்தை வேடிக்கை பார்த்தேனாம். நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் எழுபதாயிரம் என்று வந்தது. டெங்குவாக இருக்கலாம் என்று படுக்கையில் சேர்த்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பருவத்தில் நம் ஊரில் தட்டணு குறைந்தால் எவருக்கும் டெங்குதான் நினைவுக்கு வரும். மலேரியாவிலும் தட்டணு குறையும். ஆனால் ‘எங்கே இருந்து வந்தீர்கள்’ என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? இதைத்தான் இன்றுவரை என்னால் எனக்கே விளக்க முடியவில்லை. நான் விலங்கியல் முதுகலை படித்தவன். கொசுவின் உமிழ்நீரிலிருந்து ஸ்போரோசோயிட்டுகள் இறங்குவதும், கல்லீரலுக்குப் போவதும், அங்கே பெருகி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குவதும், வண்ணச் சாக்பீஸால் கரும்பலகை நிறைய வட்டம் போட்டுக் காட்டியவன். அந்த ஆண்டு மட்டும் மூன்று வகுப்புக்கு அந்தப் படத்தை வரைந்திருக்கிறேன். அந்த வட்டம் என் உடம்புக்குள் சுற்றும்போது எனக்கு அது தோன்றவேயில்லை. ஒரு காரணம் மட்டும் சொல்லலாம். ‘நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, குளிர், காய்ச்சல், வியர்வை என்று மூன்று நிலையாக வரும்’ என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம் அல்லவா? எனக்கு அப்படி வரவில்லை. நாள் முழுதும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தலைவலி, உடல்வலி, வாந்தி, கொஞ்சம் வயிற்றுப்போக்கு. உண்மையில் ஃபால்சிபாரம் பெரும்பாலும் இப்படித்தான் ஒழுங்கில்லாமல் தொடங்குகிறது. பாடநூல் தப்பில்லை. ஆனால் உடம்பு பாடநூலைப் படித்துவிட்டுக் காய்ச்சல் கொள்வதில்லை. இப்போது வகுப்பில் அந்த வரியை நடத்தும்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நான்காம் நாள் மாலை கண் மஞ்சளாகி, பேச்சுக் குழறத் தொடங்கியதும், அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை, தம்பி சொல்லித்தான் தெரியும். நான் ‘மாஜி, மாஜி’ என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம். அம்மா, யாரோ மாஜி என்பவரைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அழுதிருக்கிறார்கள். சுவாஹிலி மொழியில் மாஜி என்றால் தண்ணீர். அந்த நேரம் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவரிடம் தம்பி போய், “அண்ணன் என்னமோ புரியாத பாஷையில பேசுது டாக்டர்” என்றிருக்கிறான். “என்ன பாஷை?” என்று கேட்டிருக்கிறார். “தெரியல டாக்டர், ஆப்பிரிக்கா பாஷையா இருக்கும்.” “ஆப்பிரிக்காவா? எப்ப வந்தாரு?” “பதிமூணு நாளாச்சு.” அவ்வளவுதான். அந்த மருத்துவர் தாமே ஸ்லைடு எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டு ஓடியிருக்கிறார். அரை மணி நேரத்தில் முடிவு வந்துவிட்டது. ஃபால்சிபாரம், நூறு சிவப்பணுவில் எட்டில் ஒட்டுண்ணி. என்னைப் போல எதிர்ப்பாற்றல் இல்லாதவனுக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. இரவே நரம்பு வழியாக ஆர்ட்டிசுனேட் ஏற்றினார்கள். ஒன்பது நாள் படுக்கையில் இருந்து, எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தேன்.

என்னைக் காப்பாற்றியது மருந்துதான். ஆனால் மருந்துக்கு வழிவிட்டது, “எப்ப வந்தாரு?” என்ற இரண்டு சொல். அந்தக் கேள்விக்கான பதிலை முதல் நாளே நான் சொல்லியிருக்கலாம். நான்கு நாள் தாமதம். எதிர்ப்பாற்றல் இல்லாதவருக்கு ஃபால்சிபாரம் காய்ச்சல் தொடங்கிய பிறகு ஒரு நாள் தாமதமே உயிராபத்தாகலாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஒட்டுண்ணி ஏறிய சிவப்பணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. மூளையின் குழாய்கள் அடைபட்டால் நினைவு தப்புகிறது. நான் சுவாஹிலியில் தண்ணீர் கேட்டது அதனால்தான்.

இனி, ஏன் ஊருக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தது என்பதைப் பார்ப்போம். பயணிகளின் மலேரியாவில் இதுதான் பலரையும் ஏமாற்றுவது. கொசு கடித்த சிறிது நேரத்திலேயே ஒட்டுண்ணி கல்லீரலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கே ஒரு வாரம் போல ஓசைப்படாமல் பெருகுகிறது. அப்போது நமக்கு ஒரு தும்மல்கூட வராது. பிறகுதான் இரத்தத்தில் இறங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை பன்மடங்காகிறது. ஆகவே கடித்து ஏழு நாளுக்குள் மலேரியா காய்ச்சல் வருவதில்லை. ஃபால்சிபாரம் பெரும்பாலும் ஒன்பது முதல் பதினான்கு நாளில் தலைகாட்டும். மூன்று மாதம் வரை எதிர்பார்க்கலாம். இந்தக் காலத்தில் ஆள் விமானமேறி, ஊர் வந்து, பிரியாணி சாப்பிட்டு, கோயிலுக்குப் போய், உறவினர் வீடெல்லாம் சுற்றி முடித்திருப்பார். காய்ச்சலையும் பயணத்தையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது.

வைவாக்ஸ் இன்னும் தந்திரக்காரன். அதன் ஒரு பகுதி கல்லீரலிலேயே உறங்கிக் கிடக்கும். மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கு மேலும். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நம் செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்டு 20 அன்று ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டதை நாம் எல்லாரும் நடத்துகிறோம். அவருக்கு வழிகாட்டியவர் லண்டனில் இருந்த பாட்ரிக் மான்சன். கொசுதான் மனிதனுக்கு நோயைத் தருகிறது என்பதை லண்டனில் பலர் நம்பவில்லை. 1900-இல் மான்சன் ரோம் நகரிலிருந்து, மலேரியா நோயாளியைக் கடித்த கொசுக்களை வரவழைத்தார். மருத்துவ மாணவரான தம் சொந்த மகனையே அவற்றைக் கடிக்க விட்டார். மகனுக்குக் காய்ச்சல் வந்தது, இரத்தத்தில் ஒட்டுண்ணி தெரிந்தது, குயினைன் கொடுத்ததும் தணிந்தது. நிரூபணம் முடிந்தது என்று எல்லாரும் நிம்மதியானார்கள். ஒன்பது மாதம் கழித்து அந்த மகனுக்கு மீண்டும் மலேரியா. கொசு கடிக்கவில்லை, உள்ளே உறங்கியதுதான் எழுந்தது. வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். இந்தக் காலத்தில் ஒரு தந்தை இதைச் செய்தால் நாமே குழந்தை உதவி எண் 1098-ஐ அழைத்துவிடுவோம் என்பது வேறு விஷயம். உறங்கும் ஒட்டுண்ணியை அழிக்கத்தான் வைவாக்ஸ் நோயாளிக்குப் பிரிமாகுயினை 14 நாள் கொடுக்கிறார்கள். காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டால் மான்சன் மகனின் நிலைதான்.

இப்போது முன்தடுப்பு மாத்திரை. பயணிகளில் பலர் ஊர் திரும்பியதும் மாத்திரையை விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறில்லை. மெஃப்ளோகுயினும் டாக்சிசைக்ளினும் கல்லீரலில் இருக்கும் ஒட்டுண்ணியை ஒழுங்காகத் தாக்குவதில்லை. அது இரத்தத்துக்குள் இறங்கும்போது வாசலில் நின்று அடிப்பதுதான் அவற்றின் வேலை. கடைசி இரவு கடித்த கொசுவின் ஒட்டுண்ணி ஊர் வந்த பிறகுதான் இறங்கும். அதனால்தான் திரும்பிய பிறகு நான்கு வாரம். அடோவாகுவோன், புரோகுவானில் என்ற கூட்டு மாத்திரை கல்லீரலிலேயே தாக்குவதால் அதற்கு ஏழு நாள் போதும். குறுகிய பயணத்துக்கு நம் நாட்டு வழிகாட்டுதல் டாக்சிசைக்ளினைச் சொல்கிறது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகத் தொடங்கித் தினம் ஒன்று. ஆறு வாரத்துக்கு மேல் தங்குபவர்களுக்கு மெஃப்ளோகுயின். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் டாக்சிசைக்ளின் கூடாது. வலிப்பு, மனநலச் சிக்கல் இருந்தவர்களுக்கு மெஃப்ளோகுயின் கூடாது. அதனால் எந்த மாத்திரை என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரோ மருந்துக்கடைக்காரரோ முடிவு செய்யக் கூடாது. நானும் இங்கே யாருக்கும் மாத்திரை எழுதித் தரவில்லை. ‘குளோரோகுயின் வீட்டில் இருக்கிறது, அதைக் கொண்டுபோகிறேன்’ என்பவர்களிடம் மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள், ஆப்பிரிக்க ஃபால்சிபாரத்திடம் அது எடுபடாது.

தடுப்பூசி பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. சென்னை கிண்டி கிங் நிலையத்தில் வரிசையில் நின்று மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, மஞ்சள் அட்டையையும் வாங்கிவிட்டால், ஆப்பிரிக்க நோய் அத்தனைக்கும் காப்பு ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மஞ்சள் காய்ச்சலுக்கு மட்டும். மலேரியாவுக்கும் இப்போது இரண்டு தடுப்பூசிகள் வந்துவிட்டன. 2021-இல் ஒன்றையும் 2023-இல் ஒன்றையும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அவை நோய் மிகுந்த நாடுகளில் வாழும் குழந்தைகளுக்கானவை. பயணிகளுக்கு அல்ல.

கொசுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, கொசு என்றாலே பகல் என்று ஆகிவிட்டது. அனாபிலஸ் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிப்பது. மாலையில் முழுக்கைச் சட்டை, முழுக் காற்சட்டை, திறந்த இடங்களில் டீட் கலந்த களிம்பு, இரவில் பூச்சிக்கொல்லி ஏற்றிய வலை, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்வது. கடைசி இரவு வரைக்கும். பூண்டு தின்றால் கொசு அண்டாது, கைப்பேசியில் ஒலி எழுப்பினால் ஓடிவிடும் என்பதெல்லாம் வாட்ஸ்அப் வைத்தியம். கர்ப்பிணிகள் அத்தகைய நாடுகளுக்கான பயணத்தைத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவைப்பதே நல்லது. கோடை விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்கப் போகும் சிறு குழந்தைகளுக்கு மாத்திரை அளவு எடையைப் பொறுத்தது. விடுமுறை விடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்ல நமக்கு வாய்ப்பிருக்கிறது.

எல்லா வெளிநாடும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் துபாய் போகிறவர்களையும் பயமுறுத்திவிடுவேன். ஐக்கிய அரபு அமீரகம் 2007-இலும், சிங்கப்பூர் 1982-இலும் மலேரியா இல்லாத நாடுகளாகச் சான்று பெற்றவை. மலேசியாவில் காட்டுப் பகுதிகளில் குரங்கிடமிருந்து வரும் ஒரு வகை உண்டு. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளும், பாப்புவா நியூகினியும்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை.

இலங்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1934-35-இல் அங்கே ஒரே கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் மலேரியாவுக்குப் பலியானார்கள். பிறகு டிடிடி தெளித்து, 1963-இல் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். முடிந்தது என்று கைகளைத் தளர்த்தினார்கள். அறுபதுகளின் முடிவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மீண்டும் வந்தது. அதற்குப் பிறகு போர்க்காலத்திலும் விடாமல் வேலை செய்து, 2012-க்குப் பின் உள்ளூர்த் தொற்றே இல்லாமல் செய்து, 2016 செப்டம்பரில் சான்று பெற்றார்கள். இப்போது அங்கிருந்து மலேரியா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அரசே முன்தடுப்பு மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறது. திரும்பி வந்து காய்ச்சல் என்றால் தேடிப்பிடித்துச் சோதிக்கிறது. காரணம், கொசு இன்னும் அங்கே இருக்கிறது. ஒட்டுண்ணி மட்டும்தான் இல்லை. வெளியிலிருந்து வரும் ஒருவர் உடம்பில் அதைக் கொண்டுவந்தால், அவரைக் கடித்த கொசு அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். ஆகவே நாம் இராமேசுவரத்துக்கு அக்கரைக்குப் போகும்போது நமக்கு ஆபத்தில்லை. நம்மால் அவர்களுக்குத்தான் ஆபத்து. நம் நாடும் 2030-க்குள் மலேரியாவை ஒழிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அங்கே நடந்தது நமக்கும் பாடம்.

பயணம் போவது மனிதர்கள் மட்டுமல்ல. சென்னையில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசு நம் தெற்காசியக் கொசு. ஆப்பிரிக்கக் கொசுக்கள் பெரும்பாலும் கிராமத்துத் தேங்கிய நீரை நம்பியவை. நம் கொசுவோ நகரத்துக் குடிநீர்த் தொட்டியிலேயே குடும்பம் நடத்தும். அது 2012-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-இல் எழுபத்து மூவாயிரத்துக்கும் மேல். எத்தியோப்பியாவிலும் நைஜீரியாவிலும் இப்போது அது இருக்கிறது. தொட்டியை மூடி வை என்று நாம் காலை வணக்கக் கூட்டத்தில் சொல்லும் சொல் இன்று ஆப்பிரிக்க நகரங்களுக்கும் தேவைப்படுகிறது.

சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று. பயணம் போய் வந்தவருக்கு ஒரு முறை ‘இல்லை’ என்று வந்துவிட்டால் விட்டுவிடக் கூடாது. தொடக்கத்தில் ஒட்டுண்ணி குறைவாக இருந்தால் ஸ்லைடில் அகப்படாமல் போகலாம். பன்னிரண்டு மணி முதல் இருபத்து நான்கு மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்த்த பிறகே இல்லை என்று சொல்வது வழக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது.

போன கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீட்டுப்பாடம் எழுதவில்லை. கேட்டேன். அப்பாவுக்குக் காய்ச்சல், ராத்திரியெல்லாம் விழித்திருந்தோம் என்றாள். அப்பா என்ன வேலை என்றேன். போர்வெல் வண்டியில் டிரில்லர். “நைஜீரியாவுல இருந்து தங்கச்சி காதுகுத்துக்கு வந்திருக்காரு சார், பத்து நாளாச்சு.” வகுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போய் அவள் வீட்டுக்குப் பேசினேன். அவர் மாத்திரை ஏதும் போட்டிருக்கவில்லை. அன்று மதியமே சுகாதார நிலையத்தில் ஸ்லைடு எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. மறுநாள் மீண்டும் எடுக்கச் சொன்னேன். அதற்கும் மறுநாள் மூன்றாம் முறை. மூன்றிலும் இல்லை. சாதாரணச் சளிக்காய்ச்சல்தான், நான்காம் நாள் தானாகத் தணிந்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் பள்ளிக்கே வந்துவிட்டார். “மூணு நாளா ஊசியா குத்த வெச்சுட்டீங்களே சார், காதுகுத்து பிள்ளைக்கா எனக்கான்னு வீட்ல எல்லாரும் கேலி பண்றாங்க” என்றார். மன்னிக்கச் சொன்னேன். உட்காரச் சொல்லி, என் ‘மாஜி’ கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவர் பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டார். அங்கே தம்மோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, “திரும்பிப் போறப்ப போடறதுக்கு அந்த மாத்திரை பேரை எழுதிக் கொடுங்க சார்” என்றார். நான் மாத்திரையின் பெயருக்குப் பதிலாக ஒரு மருத்துவரின் பெயரையும், அவர் புறப்படும் தேதிக்குப் பதினைந்து நாள் முந்தைய ஒரு தேதியையும் எழுதிக் கொடுத்தேன்.